வாடகை வீட்டுச் சமையல் மேடையில் கீறலா? உப்புத்தாளை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் எங்கள் இரண்டு வருட வாடகை ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தபோதுதான் சமையல் மேடையை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்குக் கோடு கோடாகக் கீறல். இஞ்சி பூண்டு இடிக்கும் சின்னக் கல்லுரலைத் தினமும் சுவரோரத்திலிருந்து முன்னால் இழுத்ததன் பலன். இரண்டு மாத வாடகை டெபாசிட்டாக உரிமையாளரிடம் இருந்தது.

பதறிப்போய் ஹார்ட்வேர் கடைக்கு ஓடி, 120 நம்பர் உப்புத்தாள் (நம்பர் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும்) வாங்கி வந்து, கீறலின் மேல் மட்டும் பலம்கொண்ட மட்டும் தேய்த்தேன். கீறல் போய்விட்டது. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுத்த திட்டும், விரலால் தடவினால் தெரிகிற பள்ளமும் வந்து சேர்ந்தன. கீறலே தேவலை என்று இருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு வார இறுதிகள் போயின. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வாடகைக்கு எடுத்துப் புதிதாகக் குடியேறுபவர்கள் அந்த இரண்டு வார இறுதிகளையும் மிச்சப்படுத்திக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். சொந்த வீடு என்றால் 2, 8 ஆகிய பகுதிகளைத் தாண்டிப் படிக்கலாம்.

1. உங்கள் மேடை எதனால் ஆனது?

இங்கே சமையல் மேடைகள் பல வகை. சாலிட் சர்ஃபேஸ், குவார்ட்ஸ் (கற்பொடியும் பிசினும் கலந்த செயற்கைக் கல்), கிரானைட், லேமினேட் (பலகைமேல் டிசைன் தாள் ஒட்டியது), இப்போது சின்டர்டு ஸ்டோன் (தாதுப்பொடியைச் சுட்டு இறுக்கிய பலகை). இவற்றில் நீங்கள் வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்யக்கூடியது சாலிட் சர்ஃபேஸ் ஒன்றுதான். அக்ரிலிக் பிசினோடு அலுமினியம் சார்ந்த ஒரு வெள்ளைத் தாதுப்பொடியைக் கலந்து வார்த்த பலகை அது. வழக்கமான கனம் 12 மில்லிமீட்டர். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், ஒரே பொருள். அதனால் மேல் தோல் கொஞ்சம் போனாலும் அடியில் இருப்பதும் அதேதான். கோரியன், ஹை-மேக்ஸ், ஸ்டாரான் எல்லாம் இந்த வகையில் வரும் பிராண்டுகள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ‘எல்’ வடிவ மேடையின் மூலையைப் பாருங்கள். கிரானைட், குவார்ட்ஸ் என்றால் இணைப்புக் கோடு மெலிதாகத் தெரியும். சாலிட் சர்ஃபேஸில் அதே நிறப் பசை வைத்து ஒட்டித் தேய்த்துவிடுவதால், நன்றாகச் செய்திருந்தால் கோடே தெரியாது. அடுத்து, கையை வைத்துப் பாருங்கள். கல்லில் இருக்கும் அந்தச் சில்லிப்பு இதில் இருக்காது. விரல் முட்டியால் தட்டினால் கல் போல ஒலிக்காமல் மந்தமாகக் கேட்கும். இன்னும் சந்தேகமா? மேடை விளிம்பின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், கத்தி முனையால் லேசாகக் கீறுங்கள். சாலிட் சர்ஃபேஸ் கீறும், வெள்ளைப் பொடி வரும். குவார்ட்ஸில் கத்திதான் தேயும்.

இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். குவார்ட்ஸை உப்புத்தாளால் தேய்த்தால் பளபளப்பு போய், கையால் மீட்கவே முடியாத மங்கல் திட்டு விழும். அதோடு அதன் தூசியில் சிலிகா இருக்கிறது. அந்தத் தூசியால் அறுக்கும் தொழிலாளிகளின் நுரையீரல் கெடுகிறது என்பதற்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்த வகைச் செயற்கைக் கல்லுக்குத் தடை போட்டது. லேமினேட்டோ இன்னும் மோசம். அதன் டிசைன் தாள் அளவு கனம்தான். நாலு தேய்ப்பில் அடியிலுள்ள பழுப்பு நிறம் எட்டிப் பார்க்கும்.

2. தேய்ப்பதற்கு முன் காகித வேலை

நான் செய்யத் தவறியது இதுதான். மேடை உங்களுடையது இல்லை. கீறல் விழுந்ததுகூட ‘பயன்பாட்டில் வரும் நியாயமான தேய்மானம்’ என்று பேச இடமுண்டு. நீங்களாகத் தேய்த்துப் பள்ளம் விழுந்தால் அது நேரடியாக நீங்கள் செய்த சேதம். ஆகவே கீழே உள்ளவற்றை முதலில் எடுத்து வையுங்கள்.

வாடகை ஒப்பந்தம். அதில் மூன்று இடங்களைத் தேடுங்கள். நியாயமான தேய்மானம் பற்றிய வரி, சிறு பழுதுகளுக்கு வாடகைதாரர் எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுக்க வேண்டும் என்ற வரி, வீட்டில் மாற்றம் செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்ற வரி.

பொருள் பட்டியலும் குடியேறிய நாள் படங்களும். பல ஒப்பந்தங்களில் முதல் 30 நாளுக்குள் கண்ட குறைகளைச் சொல்லலாம் என்று இருக்கும். இப்போதுதான் குடியேறியிருக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே போன் டார்ச்சை மேடையின் மேல் படுக்கவைத்து, சாய்வான வெளிச்சத்தில் படம் எடுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் கீறல் எதுவுமே தெரியாது. எங்கள் படங்கள் எல்லாமே மேலிருந்து எடுத்தவை. பழைய கீறல் எது, எங்கள் கீறல் எது என்று நிரூபிக்க வழியே இல்லாமல் போயிற்று.

முத்திரைத் தீர்வைச் சான்றிதழ். ஒப்பந்தத்தில் கையெழுத்தான 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் கட்ட வேண்டிய வரிக்கான சான்று இது. நான்கு வருடம் வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 3,000 வெள்ளி வீதம் 24 மாதம் என்றால் 288 வெள்ளி. முகவர் கட்டிவிட்டார் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள், சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் வழக்கில் சாட்சியமாக ஏற்கப்படாது.

இவை கையில் இருந்தால் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு ஒரு செய்தி. ‘மேடையில் மேலோட்டமான கீறல் இருக்கிறது, என் செலவில் தேய்த்துச் சரிசெய்யலாமா, அல்லது நீங்கள் ஆள் அனுப்புகிறீர்களா?’ என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். போனில் பேசினால், பேசி முடித்த கையோடு ‘நாம் பேசியபடி’ என்று தொடங்கி நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். மேடை புதிது என்றால் தயாரிப்பாளர் உத்தரவாதம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கீறலும் சூட்டுக் காயமும் பெரும்பாலும் அதில் அடங்காது. வெடிப்பு, இணைப்பு விட்டுப்போவது போன்றவைக்கு உதவலாம்.

3. நகத்தால் ஒரு சோதனை

மேடையைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கீறல் என்று நான் நினைத்த நாலைந்து கோடுகள் அலுமினியப் பாத்திரத்தின் அடி உரசி ஒட்டிய சாம்பல் நிறத் தடங்கள்தான். தேய்ப்பு கிரீம் (சமையலறை துடைக்கும் லேசான சொரசொரப்புள்ள கிரீம்) போட்டதும் போய்விட்டன.

அதன் பிறகும் நிற்கும் கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் எதையும் உணராவிட்டால் உப்புத்தாளே வேண்டாம், தேய்ப்பு கிரீமும் தேய்ப்பு அட்டையும் (அடுத்த பகுதியில் வருகிறது) போதும். நகம் லேசாகத் தடுக்கினால் 320 நம்பரில் தொடங்கலாம். நகம் போய் நின்றுவிட்டால் 220. அதற்குக் கீழே போகாதீர்கள். 120 உண்டாக்கும் கோடுகளை அழிப்பதே தனி வேலை, என் அனுபவம் அது.

4. வாங்க வேண்டியவை

நனைத்துத் தேய்க்கும் தாள் வேண்டும். நம் ஊர் பெயின்டர்கள் ‘வாட்டர் பேப்பர்’ என்பார்களே, அதுதான். மரத்துக்கான மஞ்சள் உப்புத்தாள் தண்ணீர் பட்டதும் பிய்ந்துவிடும். 220, 320, 400, 600 நம்பர்களில் இரண்டிரண்டு தாள். தாளைச் சுற்றிப் பிடிக்கத் தட்டையான ரப்பர் கட்டை, இல்லாவிட்டால் வழவழப்பான சின்ன மரக்கட்டை. மெரூன் நிறத் தேய்ப்பு அட்டை ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. பாத்திரம் தேய்க்கும் பச்சை அட்டையின் உறவுக்காரர்கள்தான் இவை, கார் பெயின்ட் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அப்புறம் தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பழைய துணிகள், என்95 முகக்கவசம்.

எனக்கு ஆன மொத்தச் செலவு 26 வெள்ளி. ஆள் கூப்பிட்டுக் கேட்டபோது ஒருவர் 280 சொன்னார், இன்னொருவர் 450. மூன்றாமவர் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் சரியாகாது, மேடையையே மாற்றணும்’ என்று 12 அடிக்கு 1,500 வெள்ளி கேட்டார். வெறும் கீறலுக்கு மாற்றச் சொல்கிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

இயந்திரச் சாண்டர் இரவல் கிடைத்தாலும் முதல்முறை கையாலேயே செய்யுங்கள். இயந்திரம் ஒரு நொடி ஓரிடத்தில் நின்றால் குழி. தூசி வேறு வீடெங்கும் பறக்கும். சத்தப் பிரச்சினையும் உண்டு. வீவக கட்டடங்களில் அதிகச் சத்தம் எழுப்பும் புதுப்பிப்பு வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. ஞாயிறும் பொது விடுமுறையும் எந்தப் புதுப்பிப்பு வேலையும் கூடாது. ஈரத் தாளால் கையால் தேய்த்தால் பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமே கேட்காது.

5. தேய்க்கும் முறை

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மேடையைக் காலி செய்து, ஜன்னலைத் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் யார் கண்ணிலும் படாத மூலையில், மிக்சி வைக்கும் இடத்துக்குப் பின்னால், கையளவு இடத்தில் எல்லா நம்பரையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். கடைசியில் வரும் மினுமினுப்பு மற்ற இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

பிறகு உண்மையான இடம். தண்ணீர் தெளித்து, கட்டையில் சுற்றிய தாளால், கீறலின் இரு பக்கமும் ஒரு சாண் தள்ளித் தேய்க்கத் தொடங்குங்கள். முதல் நம்பரை முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் பாதியை மூடட்டும். அழுத்தாதீர்கள், கட்டையின் எடையும் கையின் எடையும் போதும். பால் போல வெள்ளைக் கூழ் வரும். சிறிது நேரத்துக்கொரு முறை துடைத்துப் பாருங்கள். கீறல் முழுவதும் மறையும்வரை அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. ‘400 போட்டால் போய்விடும்’ என்று நினைத்தீர்களானால், அது 400-லும் போகாது, 600-லும் போகாது. கடைசியில் பளிச்சென்று நின்று உங்களைப் பார்க்கும்.

கீறல் மறைந்ததும் கூழைச் சுத்தமாகத் துடைத்துத் தண்ணீரை மாற்றுங்கள். பழைய பெருமணல் ஒன்றிரண்டு தங்கினாலும் அடுத்த சுற்றில் புதுக் கீறல் போடும். அடுத்த நம்பரை இடமும் வலமுமாக, அதாவது முன்னதற்குக் குறுக்காக ஓட்டுங்கள். முந்தைய தாளின் கோடுகள் எல்லாம் போயினவா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்கடுத்தது மறுபடி முன்னும் பின்னும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் பரப்பை நாலு விரல் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். பள்ளம் தெரியாமல் இருப்பதன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

முடிக்கும் இடம் உங்கள் மேடையைப் பொறுத்தது. பளபளப்பே இல்லாத மேட் என்றால் 400-இல் நிறுத்தி மெரூன் அட்டையை வட்ட வட்டமாக ஓட்டுங்கள். பட்டுத்துணி போல லேசான மினுமினுப்பு என்றால் 600 வரை போய்ச் சாம்பல் அட்டை. எதுவானாலும் இந்தக் கடைசி அட்டையைத் தேய்த்த இடத்தோடு நிறுத்தாமல், தொட்டியிலிருந்து அடுப்புவரை, சுவரிலிருந்து விளிம்புவரை முழுவதும் ஓட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் எல்லைக் கோடு தெரியும். எங்கள் வெளுத்த திட்டு மறைந்தது இதனால்தான்.

கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வெள்ளைக் கூழைத் தொட்டியில் கொட்டிவிடாமல் துணியால் வழித்துக் குப்பையில் போடுங்கள்.

கண்ணாடி போல மின்னும் மேடை, அல்லது புள்ளியே இல்லாத கறுப்பு மேடை என்றால் நீங்கள் இறங்க வேண்டாம். 2000 நம்பர்வரை போய்ப் பாலிஷும் போட்டாக வேண்டும். சின்னத் தவறும் தெரியும். அங்கே 280 வெள்ளி கொடுப்பது லாபம்.

6. தேய்த்து ஆகாதவை

கத்தி ஆழமாக இறங்கிய வெட்டு, விளிம்பில் சில்லு போனது, அடுப்புக்காக வெட்டிய துளையின் மூலையில் ஓடும் வெடிப்பு. இவை வேறு சங்கதி. வெட்டையும் சில்லையும் அதே நிறத்து இரு கலவைப் பசையால் நிரப்பி, இறுகிய பின் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். நிறம் பொருந்த மேடையின் தயாரிப்பாளர் பெயரும் நிற எண்ணும் தேவை. உரிமையாளரிடம் பழைய பில் இருந்தால் வாங்கிக் கொடுங்கள், வேலை பாதியாகக் குறையும். சூப்பர் க்ளூ ஊற்றி நீங்களே அடைக்கப் பார்க்காதீர்கள். அதை நோண்டி எடுக்கத் தனியாகப் பணம் கேட்பார்கள்.

அடுப்போர வெடிப்பு பெரும்பாலும் சூட்டினால் வருவது. கண்டதும் உரிமையாளருக்குச் சொல்லிவிடுங்கள். வைத்துக்கொண்டிருந்தால் நீளும்.

7. மஞ்சள் கறையும் மற்றதும்

நம் வீடுகளில் கீறலைவிட இதுதான் பெரிய தலைவலி. இந்தப் பலகை தண்ணீரை உறிஞ்சாது, ஆனாலும் சிந்திய சாம்பாரை ராத்திரி முழுக்க விட்டால் வெளிர் நிற மேடையில் மஞ்சள் பிடித்துக்கொள்ளும். சமையல் சோடாவைக் குழைத்துத் தடவினால் கறை திடீரென்று செக்கச் சிவந்து போகும். பயப்பட வேண்டாம், ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே கதைதான். கழுவினால் சிவப்பு போய்விடும். மிச்சம் இருப்பதற்கு, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பிளீச்சைத் துணியில் நனைத்துக் கறைமேல் ஐந்து நிமிடம் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை கழுவும் திரவத்தையோ எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். மேடையில் வெயில் விழும் என்றால் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். வேட்டியில் பட்ட மஞ்சள் வெயிலில் வெளுப்பதைப் போல இதுவும் வெளுக்கும்.

தின்னர், அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கி, அடைப்பு நீக்கும் அமிலம், ஓவன் கழுவும் திரவம் ஆகியவை மேடையைத் தொடவே கூடாது. அக்ரிலிக்கை அரித்து மங்கலாக்கும்.

சூடு பற்றி ஒரே விதி. அடுப்பிலிருந்து இறக்கிய எதுவும் நேராக மேடைக்கு வரக் கூடாது. தோசைக்கல், குக்கர், தாளிப்புக் கரண்டி, எல்லாவற்றுக்கும் கால் வைத்த தாங்கி. பெரும்பாலான வீடுகளில் தப்பு நடப்பது அந்தத் தாளிப்புக் கரண்டியில்தான், ‘ஒரு நிமிஷம்’ என்று வைப்போம். கீறலுக்கு வந்தால், கல்லுரலுக்கும் கிரைண்டருக்கும் அடியில் ஒரு துணிமடிப்பு போடுங்கள், நகர்த்தத் தூக்குங்கள். விளிம்பில் திருகிப் பொருத்தும் தேங்காய்த் துருவிக்கு மேலும் கீழும் மரத்துண்டு கொடுங்கள், இல்லாவிட்டால் வட்ட வட்டமாகக் குழி. பீங்கான் குவளைகளின் அடியில் பளபளப்பு பூசாத சொரசொர வளையம் இருக்கும், அதுவும் கீறும். இது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

8. ஒப்படைக்கும் நாள்

நாட்கணக்கு இப்படி இருந்தால் நல்லது. நான்கு வாரம் முன்பே மேடையைப் பரிசோதித்து உரிமையாளருக்கு எழுதுங்கள். மூன்றாம் வாரம் தேய்ப்பு. அது சரிவரவில்லை என்றால் ஆள் பிடிக்க இரண்டு வாரம் கையில் இருக்கும். மாதக் கடைசியில் அவர்கள் கிடைப்பது கஷ்டம், எல்லோரும் அப்போதுதான் வீடு மாறுவார்கள். ஆள் வந்தால் பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும்போது உரிமையாளர் அல்லது முகவர் பக்கத்தில் நிற்க, டார்ச் வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். ‘மேடையில் குறை இல்லை’ என்று ஒப்படைப்புத் தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் உரிமையாளர் மேடையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, குளியலறைக் கதவுக் கைப்பிடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

டெபாசிட்டில் பிடித்தால், எந்த வேலைக்கு எவ்வளவு என்று பில் கேளுங்கள். பத்து வருடப் பழைய மேடைக்குப் புது மேடையின் முழு விலையைக் கேட்டால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பேசித் தீரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தத்துக்கு, 20,000 வெள்ளிவரை அங்கே கோரலாம். விவகாரம் எழுந்த இரண்டு வருடத்துக்குள் இணையத்திலேயே மனுப் போட வேண்டும். தனிநபர் 5,000 வெள்ளிவரை கேட்டால் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட அங்கே இடமில்லை, எதிர்த்தரப்புக்கும் அப்படியே. நீங்களே போய்ச் சொல்ல வேண்டியதுதான். 2-ஆம் பகுதியில் சொன்ன அந்தக் காகிதங்களையும் சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் மனுவோடு சேர்த்துவிடுங்கள்.